கந்தக நெடி!

1863ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்களின் இறுதி. அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர் மூண்டெரிந்துகொண்டிருந்த நேரம். அடிமைத் தளையை அறுத்தெறியப் பல்லாயிரம் இளைஞர்கள் களத்திலே குருதி சிந்திக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு வார ஏடு வெளிவந்தது. 'பாஸ்டன் இன்வெஸ்டிகேட்டர்' என்பது அதன் பெயர்.

ஏனோதானோ என்று நடந்த ஏடல்ல அது. பகுத்தறிவாளரின் பாசறை! 1831இல் அதனைத் தொடங்கிய ஆப்னர் நீலண்ட், அந்த ஏட்டிலே எழுதிய எழுத்துக்காகவே 'கடவுளைப் பழித்தான்' என்று குற்றம் சாட்டப்பட்டு, 1838இல் 60 நாட்கள் சிறையிலே கிடந்தவர். அவருக்குப் பின் ஆசிரியப் பொறுப்பேற்றவர் ஹொரேஸ் சீவர். வேதநூலை ஏற்காதவர், பாதிரிமாரின் மிரட்டலுக்குப் பணியாதவர், தாமஸ் பெயினின் பிறந்தநாளைத் திருநாளாகப் போற்றியவர்.

அந்தச் சீவர்தான், அந்த ஏட்டில்தான், அந்த வாரம் யூதர்களைப் பற்றி எழுதினார். பண்டைய யூதரைப்போல் இழிந்த மக்கள் வரலாற்றிலேயே அரிது என்றார். இற்றைநாள் யூதரும் குறுகிய மனத்தினர், ஒதுங்கி வாழ்பவர், வெறி பிடித்தவர் என்றார். முற்போக்கு எண்ணம் கொண்ட அமெரிக்க மக்களோடு சேர்ந்து வாழ அவர்கள் தகுதியற்றவர்கள், எனவே அவர்கள் இந்த மண்ணிலே பரவாதிருக்க வேண்டும் என்றும் விருப்பம் தெரிவித்தார்.

பாதிரியார் ஒருவர் இதனைப் பேசியிருந்தால் வியப்பில்லை. ஏசுவைக் கொன்றவர் யூதர் என்னும் பழியை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பீடத்திலிருந்து ஓதியவர்கள் அவர்கள். ஆனால், ஏசுவையே கடவுளென ஏற்காத ஏடு, ஏசுவின் பெயரால் வளர்க்கப்பட்ட பகையை மட்டும் ஏற்றுக்கொண்டதே, அஃது எங்ஙனம்? கோயிலை இடித்துவிட்டேன் என்று முரசு கொட்டியவன் வீட்டிலே, அந்தக் கோயிலின் கருவறைக் கல் அடுப்புக் கல்லாகக் கிடந்த கதையல்லவா இது!

இந்தக் கேள்விக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தின் ஒரு பக்கத்தைத் திறனாய்வு செய்ய எடுத்துக்கொண்டோம். அயலாரை வெறுக்கும் எழுத்து எப்படி எழுதப்படுகிறது? யாரால் எழுதப்படுகிறது? எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து அது முளைப்பது ஏன்? பகுத்தறிவுப் பாதையில் நடக்கும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

பூட்டிய கதவின் கதை

யூதரிடமிருந்து தொடங்கவில்லை அமெரிக்காவின் அயலார் பகை. கத்தோலிக்கரிடமிருந்து தொடங்கிற்று. 1834 ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு, பாஸ்டனை அடுத்த சார்லஸ்டவுன் என்னுமிடத்தில், கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றை ஒரு கூட்டம் கொளுத்திற்று. உள்ளே இருந்தவர்கள் கன்னியரும், அவரிடம் கல்வி பயின்ற சிறுமியருமே! அவர்கள் உயிர் தப்பினர், மடம் சாம்பலாயிற்று.

நெருப்பணைந்த இரண்டே ஆண்டுகளில், 1836இல், மரியா மங்க் என்னும் பெண்ணின் பெயரில் ஒரு நூல் வெளிவந்தது. கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து மடத்திலிருந்து தப்பி வந்தவளாம் அவள். மடத்துக்குள்ளே சுரங்கப் பாதைகளாம். பாதிரிமாரின் காமக் களியாட்டங்களாம். பிறந்த குழந்தைகளைக் கொன்று புதைக்கும் குழிகளாம். உள்நாட்டுப் போருக்கு முன்னர் அந்நூல் மூன்று இலட்சம் படிகள் விற்றதாகக் கணக்குக் கூறுகின்றனர். பதிப்பித்தவர் யார்? புகழ்பெற்ற ஹார்ப்பர் பதிப்பகத்தார்! தம் பெயரில் வெளியிட நாணி, ஊழியர் இருவர் பெயரால் ஒரு பதிப்பகத்தை உண்டாக்கி, அதன் முகவரியில் வெளியிட்டனர். நாணம் இருந்தது; ஆனால் வருவாயை விடுவதற்கு மனமில்லை.

பொய் நெடுநாள் நிற்கவில்லை. வில்லியம் ஸ்டோன் என்ற நியூயார்க் இதழாசிரியர், தாமும் புராட்டஸ்டண்டாக இருந்தும், அதே ஆண்டில் மாண்ட்ரியாலுக்கே சென்றார். நூலைக் கையில் வைத்துக்கொண்டு மடத்தின் அறை அறையாக நுழைந்து பார்த்தார். நூலில் கண்ட கட்டடம் வேறு, கண்ணில் கண்ட கட்டடம் வேறு என்று எழுதினார். படித்தவர்கள் நம்பினார்களா? நம்ப விரும்பாதவர்கள் நம்பவில்லை. நூல் தொடர்ந்து விற்றது. மரியா மங்க் 1849இல் வறுமையிலே மாண்டாள். பணம் மட்டும் பிறர் பையிலே இருந்தது.

இந்நூலின் இலக்கிய அமைப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பூட்டிய கதவு ஒன்று. அதன் பின்னே சதி. சதிகாரர்கள் வேறொரு நாட்டுத் தலைவனின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். நம் வீட்டுப் பெண்டிரும் நம் நாட்டு உரிமையும் இடரில் கிடக்கின்றன. இவ்வளவுதான் கதை! இந்தச் சட்டகத்திலே எவரையும் பொருத்தலாம். கன்னியர் மடத்தை எடுத்துவிட்டு யூதர் வங்கியை வைக்கலாம். போப்பை எடுத்துவிட்டு ராத்சைல்டை வைக்கலாம். அச்சு ஒன்றே, வார்க்கும் உலோகம்தான் வேறு.

தந்தி முறையைக் கண்டவர் என்று உலகம் போற்றும் சாமுவேல் மோர்சும் அந்த அச்சிலே வார்த்தவர்தாம். ஆஸ்திரியப் பேரரசும் போப்பும் கூடிக் குடியேறிகளை அனுப்பி அமெரிக்க விடுதலையைக் கவிழ்க்கத் திட்டமிடுகின்றனர் என்று அவர் எழுதிய மடல்கள் 1835இல் நூலாயின. மின்னாற்றலைக் கம்பியிலே ஓடவிட்ட அறிவு, அச்சத்தின் முன்னே மண்டியிட்டது! கற்றவன் கையிலே மூடநம்பிக்கை அகப்பட்டால், அதற்குக் கூர் மிகுமேயன்றிக் குறையாது.

பின்னர் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. 1845க்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 15 இலட்சம் அயர்லாந்து மக்கள் பசியோடு அமெரிக்கக் கரை சேர்ந்தனர். 'மண்ணின் மைந்தர்' கட்சி வீங்கிற்று. மறைகழகமாகத் தொடங்கிய அது, கேட்டவர்க்கெல்லாம் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று விடைகூறச் சொன்னமையால், 'ஒன்றுமறியார்' என்றே பெயர் பெற்றது. அயல்நாட்டில் பிறந்தவன் குடியுரிமை பெற 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது. 1854 தேர்தலில் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தை ஏறக்குறைய முழுமையாகக் கைப்பற்றிற்று.

அக்கட்சியின் முன்னோடிகளில் ஒருவரைப் பாருங்கள். பிலடெல்பியாவில் அயர்லாந்துக்காரருக்கு எதிராக அனல் கக்கியவர். 1844இல் அந்நகரத்திலே கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்த கலவரத்துக்கு நெய்யூற்றியவர்களில் முதன்மையானவர். 1845 முதல் 1851 வரை காங்கிரசில் அமர்ந்தவர், லூயிஸ் சார்லஸ் லெவின். பிறப்பால் அவர் யூதர்! தம் முன்னோர்மீது பாய்ந்த அதே வேலைத் தம் கையாலே தீட்டிக்கொடுத்தவர். இன்று அயர்லாந்துக்காரன் நெஞ்சுக்குக் குறிவைத்த வேல், நாளை தம் இனத்தவர் நெஞ்சுக்கே திரும்பும் என்று அவர் எண்ணியிருப்பாரா?

திரும்பிற்று. 1862 டிசம்பர் 17ஆம் நாள், படைத்தலைவர் கிராண்ட் தம் 11ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பருத்திக் கள்ளவாணிகத்தைத் தடுக்க வேண்டுமாம். அதற்காகத் தம் படைப்பிரிவின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலிருந்து 'ஒரு வகுப்பு' என்ற முறையில் யூதர் அனைவரும் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டுமாம்! கள்ளவாணிகம் செய்த கிறித்தவர்கள்? அவர்கள் 'வணிகர்கள்'. கள்ளவாணிகம் செய்த யூதன்? அவன் 'யூதன்'. ஒருவன் செய்தால் குற்றம். மற்றவன் செய்தால் குலம்! கென்டக்கியைச் சேர்ந்த படூக்கா ஊரினின்றும் துரத்தப்பட்ட சீசர் காஸ்கெல் என்பார் வாசிங்டனுக்கே சென்று முறையிட்டார். 1863 சனவரித் தொடக்கத்தில் லிங்கன் அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார். ஒரு சமயத்தார் முழுவதையும் அது தண்டிக்கிறது, அவர்களுள் பலர் நம் படையிலேயே போரிடுகின்றனர் என்பதே காட்டப்பட்ட காரணம்.

அவ்வாணை வந்து பத்துத் திங்களில்தான் சீவரின் கட்டுரை வந்தது. காற்றில் கலந்திருந்த நஞ்சைப் பகுத்தறிவு ஏடும் மூச்சோடு இழுத்திருந்தது.

ரபியின் மகள்

சீவருக்கு விடை வந்தது. எழுதியவர் எதிரியல்லர், அந்த ஏட்டின் நெடுநாள் தோழர், எர்னஸ்டின் ரோஸ்.

யார் இவர்? 1810இல் போலந்தில், பியோட்ர்கோவ் என்னும் ஊரில், யூதச் சமயகுருவான ரபி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். வேதத்தைத் தந்தையிடமே கற்று, தந்தையிடமே கேள்வி கேட்டவர். பதினாறாம் அகவையில், தாம் ஒப்பாத திருமணத்துக்காகத் தாய்வழிச் சொத்தைப் பறிக்க முனைந்தபோது, அறமன்றமேறித் தாமே வாதாடி வென்றவர். பிறந்த சமயத்தைத் துறந்து, ஊரைத் துறந்து, பெர்லின், பாரிசு, இலண்டன் என்று அலைந்து, ராபர்ட் ஓவனின் சமன்மைக் கொள்கையை ஏற்று, 1836இல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று வீடு வீடாய் ஏறி இறங்கி, பல திங்கள் உழைத்து ஐந்தே ஐந்து கையொப்பம் பெற்றவர். மனந்தளராமல் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1848இல் நியூயார்க் மாநிலத்திலே அந்தச் சட்டம் வரக் கண்டவர். 1861இல் பாஸ்டனிலேயே நாத்திகத்துக்கு ஆதரவாக அவர் ஆற்றிய சொற்பொழிவு நூலாகவும் வந்தது.

அதாவது, யூத மதத்தை அவர் ஏற்றவரல்லர். எந்த மதத்தையுமே ஏற்றவரல்லர். கடவுட் கொள்கையைத் தகர்ப்பதிலே சீவரினும் அவர் இளைத்தவரல்லர். அந்த அம்மையார்தாம் எழுதுகோலை எடுத்தார்.

உங்கள் கட்டுரையைப் படித்ததும் கந்தக நெடி அடித்தது, கலப்பில்லாத கிறித்தவக் கந்தக நெடி என்று எள்ளி நகையாடினார். பாதிரிமார் வருணிக்கும் நரகத்திலே எரிவது கந்தகம்தானே! நரகம் இல்லையென்று எழுதும் ஏட்டிலே நரக நெடி வீசுவதேன் என்பது அந்தக் கேலிக்குள் ஒளிந்திருந்த கூர்முள். ஆயிரம் பக்க ஆராய்ச்சி செய்ய முடியாததை அந்த ஒரு சொல் செய்தது. வெறுப்பின் கருத்தை மட்டுமன்று, அதன் பிறப்பிடத்தையே சுட்டிக்காட்டியது.

பின்னர் முறையாக வாதிட்டார். யூதர்கள் தீயவர்கள் என்றே வைத்துக்கொள்வோம், என்ன செய்யப்போகிறீர்கள்? பாஸ்டனைவிட்டு விரட்டப்போகிறீர்களா? ஒரு காலத்தில் உரிமையின் நிலம் எனப் பெயர்பெற்ற இந்த நாட்டைவிட்டே விரட்டப்போகிறீர்களா? ஐரோப்பாவெங்கும் எத்தனையோ கொடுமைகளுக்கிடையே வாழ்ந்து பரவியிருக்கிறார்களே, அவர்களால் ஐரோப்பா எந்த வகையில் கெட்டுவிட்டது? யூதனின் இயல்பும் பொதுவான மனித இயல்புக்குரிய விதிகளின்படியே இயங்குகிறது என்று நினைவூட்டினார். பகுத்தறிவாளராகிய நாம், யூதர் மீதோ வேறெந்தச் சமயத்தார் மீதோ ஏற்கெனவே நிலவும் முன்முடிவோடு மேலும் ஒரு பிடி சேர்க்கலாகாது என்று முடித்தார்.

விவாதம் அந்த ஒரு மடலோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டின் வேனிற்பருவம் வரையில் மடலும் மறுமொழியுமாக நீண்டது. சீவர் தம் கருத்தை விட்டு இறங்கவில்லை. ஆயினும் ஒன்றை அவருக்காக நாம் சொல்லவேண்டும்: தம்மைக் கடிந்த மடல்களை அவர் தம் ஏட்டிலேயே அச்சிட்டார். அந்த அளவுக்குப் பகுத்தறிவு அவரிடம் எஞ்சியிருந்தது.

எங்கே சறுக்கினார் சீவர்? பழைய ஏற்பாட்டைத் தாக்குவது அவர் உரிமை. அதிலுள்ள போர்க்கொடுமைகளையும் பலிகளையும் பழிவாங்கும் கடவுளையும் கண்டிப்பது பகுத்தறிவாளர் கடமையுங்கூட. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலிலே, பாஸ்டன் தெருவில் கடை வைத்திருக்கும் மனிதனிடம் தாவிவிட்டார். நூலின் குற்றத்தைக் குருதியின் குற்றமாக்கிவிட்டார். நம்பிக்கையை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்றிக்கொள்ள முடியுமா? மாற்ற முடியாததன் மேல் குற்றம் சாட்டுவது பகுத்தறிவன்று. அது முற்பிறப்பு வினை பேசும் வைதிகத்தின் மறுபதிப்பு!

ரோஸ் அம்மையாருக்கு இது புதிய பட்டறிவுமன்று. 1854இல் சூசன் ஆந்தனியுடன் சொற்பொழிவுச் சுற்றுலா சென்றபோதே, அடிமை ஒழிப்பிலும் பெண்ணுரிமையிலும் முன்னணியில் நின்ற லூசி ஸ்டோன், வெண்டல் பிலிப்ஸ் போன்றோரிடமும் அயல்நாட்டார் மீதான வெறுப்பு கிடக்கிறது என்று அவர் கூறினார். ஆந்தனி திகைத்துப்போய், அதனைத் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். சீர்திருத்த மேடையிலேயே அம்மையார் அயலாராக நின்றார். தோழமைக் கையிலும் ஒரு முள் இருந்தது.

சீசரின் தூண்

போர் முடிந்தது; அமெரிக்கா பொன் குவித்தது. 1877 சூன் திங்களில், ஜோசப் செலிக்மன் என்னும் பெரு வங்கியாளர், அரசுக்கே கடன்பத்திரம் விற்றுக் கொடுத்தவர், சாரடோகா நகரின் கிராண்ட் யூனியன் விடுதிக்குக் குடும்பத்துடன் சென்றார். யூதருக்கு இடமில்லை என்று திருப்பியனுப்பினர். மாடமாளிகை கட்டிய யூதனுக்கே இந்த நிலையென்றால், மூட்டை சுமந்த யூதன் நிலை என்ன? 1880இல் அமெரிக்காவின் 5 கோடி மக்களில் யூதர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். நூற்றுக்கு அரைப் பங்கு! அந்த அரைப் பங்கினர்தாம் நாட்டையே விழுங்குவதாக எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கினர்.

1888இல் டிமயேனிஸ் என்பவர் யூதரைப் பழித்து ஆசிரியர் பெயரின்றி நூல்கள் வெளியிட்டார். சரக்கு பிரான்சு நாட்டு துருமோனிடமிருந்து எடுத்தது, முத்திரைதான் அமெரிக்கம். அயலாரை விரட்டச் சொன்ன அந்த மனிதர், ஸ்மிர்னா நகரத்திலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்! நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவன், இன்று இறங்குபவனைப் பார்த்து 'அந்நியன்' என்கிறான்.

இந்த எழுத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத ஒருவர் இருக்கிறார்: இக்னேஷியஸ் டானெலி.

மின்னசோட்டா மாநிலத்து உழவர்களின் நண்பர் டானெலி. அயர்லாந்துக் குடியேறி ஒருவரின் மகன். இரயில் முதலாளிகளின் கொள்ளையை, கந்துவட்டியின் கொடுமையை, தானியக் கிடங்குக்காரரின் சூழ்ச்சியைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர். 1892இல் ஒமாகா நகரிலே கூடிய மக்கள் கட்சியின் கொள்கை அறிக்கைக்கு முன்னுரை எழுதிய கை அவருடையது. 1890இல் அவர் புனைபெயரில் வெளியிட்ட புதினம் 'சீசரின் தூண்'.

கதை நூறாண்டு கடந்த நியூயார்க்கில், 1988இல் நடக்கிறது. வானூர்தி பறக்கிறது, நகரம் ஒளியிலே மூழ்கியிருக்கிறது, அந்த ஒளிக்கு அடியிலே தொழிலாளர் கூட்டம் உயிரற்ற பொறிகளாய் உழன்று மடிகிறது. ஒரு சிறு பணக்காரக் கும்பல் உலகை ஆள்கிறது. அதனை அழிக்க மறைவிலே ஓர் உடன்பிறப்புக் கழகம் எழுகிறது. புரட்சி வெடிக்கிறது, பிணங்கள் குவிகின்றன, குவிந்த பிணங்களைக் காரையிட்டு அடுக்கித் தூண் எழுப்பச் சொல்கிறான் புரட்சித் தலைவன் சீசர். அந்தத் தூணே நூலின் பெயர். செல்வத்தின் செருக்கு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதனினும் அச்சம் தரும் படிமம் அக்காலப் புதினங்களில் அரிது. உழைப்பாளர் வாழ்வைக் காட்டும் பக்கங்களிலே சினமும் இரக்கமும் உண்மையானவை. இதை நாம் மறைக்கவில்லை.

ஆனால், ஆளும் கும்பலின் தலைவன் யார்? கபானோ இளவரசன். அவனுடைய இயற்பெயர்? ஜேக்கப் ஐசக்ஸ்! அழிக்கும் கழகத்தின் மூளையாய் இருப்பவன் யார்? உருசியாவிலிருந்து வந்த ஒரு யூதன்! முடிவிலே அவன் என்ன செய்கிறான்? 10 கோடி டாலரைச் சுருட்டிக்கொண்டு யூதேயாவுக்குப் பறந்துவிடுகிறான்!

எண்ணிப் பாருங்கள். முதலாளியும் யூதன், முதலாளியை ஒழிக்க வந்தவனும் யூதன். பொன்னைக் குவிப்பவனும் அவனே. பொன்மாளிகையைக் கொளுத்துபவனும் அவனே. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு குற்றங்களை ஒரே தலையில் ஏற்றுவது முன்முடிவுக்கு மட்டுமே இயலும். ஏனெனில் அங்கே சான்று தேடப்படுவதில்லை, தலைதான் தேடப்படுகிறது.

டானெலி இதற்கு ஒரு விளக்கமும் தருகிறார். கிறித்தவ உலகம் நூற்றாண்டுகளாக யூதரைக் கொடுமைப்படுத்திற்று, நலிந்தவர் மடிந்தனர், வலிமையும் தந்திரமும் உடையவரே பிழைத்தனர், அவர்களின் வழிவந்தோர் இப்போது வட்டியோடு திருப்பித் தருகின்றனர் என்று ஒரு பாத்திரத்தை விட்டுச் சொல்லவைக்கிறார். கேட்பதற்கு இரக்கம்போல் ஒலிக்கிறது, அறிவியல்போலவும் ஒலிக்கிறது. இரண்டுமன்று. 'நாம்தான் உன்னைக் கெடுத்தோம்' என்று கண்ணீர் விட்டுக்கொண்டே, 'நீ கெட்டவன்' என்ற தீர்ப்பை உறுதி செய்யும் தந்திரம் இது.

நூலின் அரசியலை இது எப்படிச் சிதைத்தது என்பதுதான் நம் திறனாய்வின் மையம். மின்னசோட்டா உழவன் விளைத்த கோதுமைக்கு இரயில் கட்டணம் வைத்தவர் ஜேம்ஸ் ஹில். எண்ணெயை ஏகபோகமாக்கியவர் ராக்பெல்லர். வங்கிப் பேரரசு கட்டியவர் மார்கன். எஃகுக்கு அரசர் கார்னகி. இவர்களில் எவர் யூதர்? ஒருவருமில்லை! பணத்தின் இயக்கத்தைக் காட்டத் தொடங்கிய டானெலி, பிறப்பைக் காட்டி முடித்தார். உழவனின் சினம் இரயில் கம்பெனியின் கணக்கேட்டை நோக்கிச் செல்லவேண்டியது. மூலைக்கடை யூதனின் சன்னலை நோக்கித் திரும்பிற்று. இதனால் நட்டமடைந்தவன் யூதன் மட்டுமா? உழவனுந்தான்! கொள்ளையடித்தவன் மட்டும் புன்னகை பூத்தான்.

இதே டானெலி, அடுத்த ஆண்டே, 1891இல், வெள்ளை மருத்துவன் ஒருவன் ஒருநாள் கருப்பன் உடலிலே விழித்தெழுவதாக 'டாக்டர் ஹியூகே' என்னும் புதினம் எழுதினார். நிறவெறியின் கொடுமையை நெஞ்சுருக எடுத்துக்காட்டினார். கருப்பன் தோலுக்குள் புகுந்து பார்க்கத் தெரிந்த கலைஞருக்கு, யூதன் தோலுக்குள் புகுந்து பார்க்கத் தோன்றவில்லை. ஒரு கண்ணைத் திறந்தவர், மற்றொரு கண்ணை மூடிக்கொண்டார். இந்த அரைக்குருடுதான் சீர்திருத்தக்காரனுக்கு வரக்கூடிய கொடிய நோய். தனக்குக் கண் தெரிகிறது என்ற நம்பிக்கையிலேயே அவன் பள்ளத்தில் விழுகிறான்.

வாயிற்படியில் இருவர்

உருசியாவில் 1881க்குப் பின் யூதர்மீது கொலைவெறி கட்டவிழ்க்கப்பட்டது. தப்பியவர்கள் கப்பலேறினர். 1882 ஏப்ரலில், நியூயார்க்கின் 'செஞ்சுரி' இதழில், அந்தப் படுகொலைக்கு யூதர்களே காரணம் என்று ஒரு கட்டுரை வந்தது. அடுத்த திங்களே அதே இதழில் மறுப்பெழுதியவர் எம்மா லாசரஸ். நான்கு தலைமுறையாய் அமெரிக்காவிலே வாழ்ந்த வளமான யூதக் குடும்பத்துப் பெண். வந்திறங்கிய ஏதிலியரைத் தம் கண்ணாலே கண்டு, அவர்களுக்குத் தொழிற்கல்வி கிடைக்கப் பாடுபட்டவர். அடுத்த ஆண்டு, உரிமைத் தேவியின் சிலைக்குப் பீடம் கட்டும் நிதிக்காக அவர் எழுதியதுதான் 'புதிய கொலாசஸ்' என்னும் பதினான்கடிப் பா. களைத்தவரையும் வறியவரையும் வாயிற்படியிலே விளக்கேந்தி வரவேற்கும் தாயாக அந்தச் சிலையை அது மாற்றிற்று. 1887இல், 38ஆம் அகவையில் அவர் மறைந்தார். 1903இல்தான் அந்தப் பா வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டுப் பீடத்திற்குள் ஏறிற்று.

அதே வாயிற்படியைப் பற்றி 1892இல் இன்னொரு பா வந்தது. 'அட்லாண்டிக்' இதழின் முன்னாள் ஆசிரியர் தாமஸ் பெய்லி ஆல்டிரிச் எழுதிய 'காவலற்ற கதவுகள்'. கதவு திறந்து கிடக்கிறது, காட்டுக் கூட்டம் நுழைகிறது, உரிமைத் தேவியே விழித்துக்கொள் என்பது அதன் சாரம். ஓசை நயம் உண்டு, சொல்லழகு உண்டு. எல்லாம் இருந்து என்ன? மனிதனைக் காணவில்லை அந்தப் பா, மந்தையைத்தான் கண்டது. இரண்டு ஆண்டில் ஹார்வர்டு பட்டதாரிகள் சிலர் பாஸ்டனிலே குடியேற்றத் தடைக் கழகம் தொடங்கினர். எழுத்தறியாதவர் நுழையலாகாது என்ற சட்டத்துக்கு வாதாடினர். 1897இல் கிளீவ்லாந்து அதனைத் தடுத்தார்; 1917இல் வில்சனின் தடையையும் மீறி அது சட்டமாயிற்று. 1924இல் நாட்டுக்கு நாடு விகிதம் வைத்த சட்டம் கதவை அடைத்தது. பின்னர் இட்லரின் கொலைக்களத்திலிருந்து தப்ப முயன்ற பல்லாயிரவர் அந்த அடைத்த கதவிலே முட்டிக்கொண்டனர். 1965இல்தான் அந்த விகித முறை ஒழிந்தது. பாவலன் பாடுகிறான், பட்டதாரி சட்டம் எழுதுகிறான், ஏதிலி மடிகிறான். எழுத்துக்கு விளைவில்லை என்பவர் இந்த வரிசையை எண்ணிப் பார்க்கட்டும்!

நண்பரின் கட்டுரை

இறுதியாக மார்க் டுவைன். 1899 செப்டம்பரில் 'ஹார்ப்பர்' இதழில் யூதரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தமக்கு எந்த முன்முடிவும் இல்லை என்றார். யூதரின் அறிவையும் குடும்பப் பற்றையும் வாயாரப் புகழ்ந்தார். ஆயினும், அவர்கள் படையில் சேர்ந்து போரிட முன்வருவதில்லை என்ற ஊர்ப்பேச்சையும் உண்மைபோல் எழுதிவிட்டார். நண்பர் கையிலிருந்தும் சாட்டை விழுந்தது! யூதர்கள் போர்த்துறைக் கணக்குகளை எடுத்துக்காட்டி மறுத்தனர். டுவைன் என்ன செய்தார்? கணக்கைப் பார்த்தார், தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார், யூதன் படைவீரனாகத் தன் பங்கைச் செலுத்தியவனே என்று தனியாகப் பின்னுரை எழுதினார்.

சீவர் செய்யாததை டுவைன் செய்தார். தவறே செய்யாதவன் பகுத்தறிவாளன் அல்லன். சான்றைக் கண்டதும் தவற்றைத் திருத்திக்கொள்பவனே பகுத்தறிவாளன். நம் நாட்டுப் பகுத்தறிவாளர் நன்கறிந்த இங்கர்சாலும் இதே சோதனையில் தேறியவர். 1882 முதல் சீனரைச் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டிலே, அந்தச் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்ட வேளையில், 1893இல், சீனருக்காக ஏட்டிலே வாதாடினார். சீனன் கோயிலிலே எதை வணங்குகிறான் என்று அவர் பார்க்கவில்லை. அவனும் மனிதன்தானே என்று பார்த்தார்.

தோழர்களே! மதத்தைத் தாக்கும் எழுத்து நமக்குத் தேவை. அதை எவருக்காகவும் நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆனால், நாளை ஓர் ஏட்டைக் கையிலெடுக்கும்போது, அது நம்முடைய ஏடாகவே இருந்தாலும், சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த எழுத்து ஒரு கொள்கையைத் தாக்குகிறதா, ஒரு பிறப்பைத் தாக்குகிறதா? அந்தக் கொள்கையைத் துறந்து வெளியே வந்தவனை இது தோழன் என்று தழுவுமா, 'ஆயினும் நீ அவன்தானே' என்று தள்ளுமா? ஒருவன் செய்த குற்றத்தை அவன் பெயரில் எழுதுகிறதா, அவன் குலத்தின் பெயரில் எழுதுகிறதா? முரண்பட்ட இரண்டு குற்றங்களை ஒரே கூட்டத்தின் தலையில் சுமத்துகிறதா?

இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்காத பக்கத்திலே, எத்தனை நாத்திகம் பேசப்பட்டாலும், எத்தனை புரட்சிச் சொற்கள் முழங்கினாலும், மூக்கைச் சற்றே நெருங்க வையுங்கள். கந்தகம் மணக்கும்!

எர்னஸ்டின் ரோஸ் 1869இல் அமெரிக்காவை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1892இல் மறைந்தார். இறக்கும்வரை எந்தக் கடவுளிடமும் அவர் திரும்பவில்லை. எந்த மனிதனையும் அவன் பிறப்புக்காக இகழவும் இல்லை. இலண்டன் ஹைகேட் இடுகாட்டில் துயில்கிறார். அவரை நினைவுகூர நமக்குச் சிலை தேவையில்லை. நம் தோழனே தவறாக எழுதும் நாளில், தோழமை கருதி வாய்மூடாமல், தோழமை கருதியே ஒரு மடல் எழுதும் துணிவு போதும்.